அமரர் ஊர்திக்கு ஒரு வெப்சைட்

எங்கள் கடைக்கு யாரும் விருப்பத்தோடு வருவதில்லை. ஃப்ரீசர் பெட்டி, அமரர் ஊர்தி, பந்தல், நாற்காலி என்று ஒரு வீட்டில் உயிர் போன பிறகு தேவைப்படுகிறவை எங்களிடம் வாடகைக்குக் கிடைக்கும். சங்கரன்கோவிலில் ராஜபாளையம் சாலையில், ஒரு டயர் கடைக்கும் பூட்டியே கிடக்கும் ஒரு குடோனுக்கும் நடுவில் இருக்கிறது கடை. முன்பு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்தோம். அங்கே பக்கத்தில் இனிப்புக் கடை வைத்திருந்தவர், எங்கள் வண்டி வாசலில் நின்றால் பலகாரம் வாங்க வருகிறவர்கள் அப்படியே திரும்பிப் போகிறார்கள் என்று கட்டட உரிமையாளரிடம் சொல்லிச் சொல்லி எங்களை நகர்த்திவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. கல்யாணமாகி வந்த புதிதில் நானே அந்த வண்டியைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போவேன்.

என் கணவர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். முதலில் ஒரு பழைய வேனை வாங்கி அமரர் ஊர்தியாக மாற்றினார். பிறகு ஒன்றொன்றாகப் பெட்டிகள் சேர்ந்தன. நான் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். படிப்பு முடிந்ததும் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்தேன். அந்தப் படிப்புக்கு இந்த ஊரில் கிடைத்த வேலை அதுதான். பிறகு கடையில் போன் எடுக்க ஆள் வேண்டும் என்று வந்து உட்கார்ந்தவள், இன்றுவரை உட்கார்ந்திருக்கிறேன்.

வெப்சைட் வேண்டும் என்ற எண்ணம் வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் கடை இருப்பது உள்ளூரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இங்கே இறந்துபோகிறவர்களின் பிள்ளைகள் உள்ளூரில் இல்லை. சென்னையிலோ திருப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார்கள். அழுதுகொண்டே போனில் தேடுகிறார்கள். முதலில் வருகிற எண்ணை அழைக்கிறார்கள். அந்த எண் எங்கோ ஒரு பெருநகரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு தரகருடையது. அவர் எங்களைக் கூப்பிட்டு, தன் பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சத்துக்கு வேலையைத் தருவார். துக்க வீட்டில் போய் நிற்கும்போது அவர்கள் கொடுத்ததும் எங்களுக்கு வந்ததும் வேறு வேறு என்று தெரியவரும். "என்னவே, இவ்வளவு வாங்குதிய?" என்று என் கணவரிடம் கேட்பார்கள். அந்த நேரத்தில் என்ன விளக்க முடியும்? தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடுவார்.

"நாமளே ஒரு வெப்சைட் போட்டுருவோம்" என்று ஒருநாள் சொன்னேன்.

அவர் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். "செத்த வீட்ல எவன்ட்டி வெப்சைட் பாத்துட்டு இருப்பான்?"

"இங்கன உள்ளவங்க பாக்க மாட்டாங்க. வெளியூர்ல உள்ள மவன் பாப்பான்லா."

அவர் பதில் சொல்லாமல் டயர் மேல் தண்ணீரை ஊற்றினார். அது சம்மதம் என்று எனக்குத் தெரியும்.

திருநெல்வேலியில் வெப்சைட் செய்து தருகிற ஒரு நிறுவனத்தில் விசாரித்தேன். அவர்கள் சொன்ன தொகையில் ஒரு பழைய ஃப்ரீசர் பெட்டி வாங்கிவிடலாம். நானே செய்துகொள்வது என்று முடிவெடுத்தேன். கடையின் பெயரில் ஓர் இணைய முகவரி வாங்கினேன். அதற்கு வருஷத்துக்கு ஒரு கட்டணம். பிறகு அந்த முகவரிக்குப் பின்னால் படமும் எழுத்தும் வைப்பதற்கு எங்கோ ஒரு சர்வரில் இடம் வாடகைக்கு எடுக்க வேண்டும், அதைத்தான் ஹோஸ்டிங் என்பார்கள் என்று அவருக்கு விளக்கினேன்.

"பேருக்குத் தனி வாடக, எடத்துக்குத் தனி வாடகயா?"

"ஆமா. பேரு போர்டு மாதிரி. எடம் கட மாதிரி."

"கட இல்லாம போர்டு மட்டும் மாட்டுனா?"

"போர்டப் பாத்துட்டு வாரவன் முட்டுச்சுவர்ல போய் நிப்பான்."

அதற்கு அவர் கொஞ்சம் சிரித்தார். எங்கள் கடையில் சிரிப்பு அபூர்வம் என்பதால் எனக்கு அது நினைவிருக்கிறது.

முதலில் இலவசமாகக் கிடைத்த ஓர் இடத்தில் போட்டேன். காசு கேட்கவில்லை, அட்டை எண் கேட்கவில்லை. வண்டியின் படம், பெட்டியின் படம், எங்கள் போன் எண். கூடவே ஒரு காரியம் செய்தேன். எங்களிடம் பெட்டி எடுக்கிற வீட்டுக்காரர்கள் கேட்டால், இறந்தவரின் படம், எடுக்கிற நேரம், வீட்டுக்கு வழி, நேரலை வீடியோவின் சுட்டி எல்லாம் வைத்து ஒரு பக்கம் போட்டுக் கொடுத்தேன். சுவரில் ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலி போஸ்டரை வெளிநாட்டில் இருக்கிறவன் எப்படிப் பார்ப்பான்? இதைப் பார்க்கலாம். கீழே அவர்கள் இரங்கல் எழுத ஓர் இடமும் விட்டிருந்தேன்.

அப்படிப் போட்ட ஒரு பெரியவரின் பக்கத்தைப் பார்த்துவிட்டு அவருடைய மகன் துபாயிலிருந்து என் கணவரைக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. "அண்ணாச்சி, எங்க அப்பா படத்துக்கு மேல ரம்மி விளம்பரம் ஓடுது. சீட்டாடுனா காசு கெடைக்கும்னு ஒரு பொம்பள சிரிச்சிட்டு நிக்கா. எங்க அப்பா சீட்டுக்கட்டத் தொட்டதில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் கடையில் திறந்து பார்த்தபோது எனக்கு வேறு விளம்பரம் வந்தது. கல்யாண வரன் தேடும் விளம்பரம். மணமாலையோடு ஒரு ஜோடி, அதன் கீழே பெரியவரின் படம். இலவசம் என்றால் இடத்துக்கு வேறு யாரோ வாடகை தருகிறார்கள் என்று அர்த்தம் என அன்றைக்குப் புரிந்தது. அந்தப் பக்கத்தை உடனே எடுத்தேன். சாயங்காலத்துக்குள் மொத்தத்தையும் எடுத்துவிட்டேன்.

அதன் பிறகு காசு கொடுத்து வாங்குகிற இடங்களைத் தேட ஆரம்பித்தேன். போன் வராத பகல் நேரங்களில் அதுதான் வேலை. எல்லாரும் 'அன்லிமிடெட்' என்றுதான் போட்டிருந்தார்கள். நிபந்தனைகளுக்குள் போய்ப் படித்தால் எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை இருந்தது. முதல் வருஷத்து விலையைக் கொட்டை எழுத்தில் போட்டு, அடுத்த வருஷத்திலிருந்து என்ன விலை என்பதைச் சாம்பல் நிறத்தில், கடைசி வரியில், கண்ணுக்குத் தெரியாத அளவில் வைத்திருந்தார்கள். மூன்று வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டினால் மலிவு. மூன்று வருஷம் எங்கள் தொழில் இருக்குமா என்று யார் சொல்வது? சில இடங்களில் சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்றே சொல்லவில்லை. சில இடங்களில் பக்கங்களின் நகலைத் தினமும் எடுத்து வைப்போம், ஆனால் அது வேண்டுமென்றால் தனிக் கட்டணம் என்றார்கள்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொரு நிறுவனத்தின் வெப்சைட்டிலும் உதவிக்கு இருக்கிற சாட் பெட்டியில் ஒரே கேள்வியைக் கேட்டேன்: "ஒரு பக்கம் அழிந்துபோனால் திருப்பித் தருவீர்களா?" ஓர் இடத்தில் இயந்திரம் பதில் சொன்னது, நன்றி சொன்னது, மறுபடி அதையே சொன்னது. இன்னோர் இடத்தில் விலை கூடின திட்டத்துக்கு மாறச் சொன்னார்கள். ஒரே ஓர் இடத்தில் ஒரு மனிதர் வந்தார். வாரம் ஒருமுறை நகல் எடுப்போம், இருந்தாலும் நீங்களும் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று நேராகச் சொன்னார். பெரிய நிறுவனம் இல்லை, சர்வர் மும்பையில். அதிலேயே ஒரு வருஷத்துக்கு எடுத்தேன்.

வெப்சைட் ஓடியது. தரகரின் அழைப்புகள் குறைந்து நேரடியாக அழைப்புகள் வந்தன. அதைச் சந்தோஷம் என்று சொல்ல வாய் வரவில்லை. எங்கள் தொழிலில் போன் அதிகம் அடித்தால் அதற்கு வேறு அர்த்தம் இருக்கிறது.

அந்த ஐப்பசியில்தான் ஒரு டீச்சருக்காக அழைப்பு வந்தது. டீச்சரின் கணவர்தான் கூப்பிட்டார். புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடையில் வேலை பார்க்கிறவர். மதுரையில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு வெப்சைட்டில் எங்கள் எண்ணைப் பார்த்திருக்கிறார். காய்ச்சல் என்று சேர்த்த மனைவி ஒரு வாரத்துக்குள் போய்விட்டாள். புளியங்குடியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அப்பாவின் ஊர் கரிவலம்வந்தநல்லூர். ஒரு சின்னப் பெண் குழந்தை.

என் கணவர் மதுரைக்குப் போய்க் கொண்டுவந்து புளியங்குடியில் விட்டுவிட்டு வந்தார். வழக்கமாக வந்ததும் குளித்துவிட்டுச் சாப்பிட உட்காருவார். அன்று குளித்துவிட்டு ஈரத் தலையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "சின்னப் பொண்ணுட்டி" என்று மட்டும் சொன்னார்.

பக்கம் போடுவதற்குப் படம் அனுப்பியிருந்தார் டீச்சரின் கணவர். ஏதோ ஒரு விசேஷத்தில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரிக்கிற படம். தனியாக எடுத்த படம் ஒன்றும் கையில் இல்லை என்றார். "பாப்பாவ மட்டும் வெட்டிருங்கக்கா. செத்தவங்க படத்துல பிள்ள இருக்கக் கூடாதுன்னு எல்லாரும் சொல்லுதாங்க." வெட்டினேன். குழந்தை தன் கையை அம்மாவின் தோளில் வைத்திருந்தது. விரல்கள் மட்டும் போகவில்லை. அதை அழித்தால் டீச்சரின் சேலையும் அழிந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

மற்றப் பக்கங்களில் இரங்கல் என்றால் 'ஆழ்ந்த இரங்கல்', 'ஆத்மா சாந்தியடையட்டும்' என்றுதான் வரும். டீச்சரின் பக்கத்தில் பிள்ளைகள் எழுதினார்கள். ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். "மிஸ், எனக்கு இப்ப அல்ஜீப்ரா வருது. நீங்க பாக்கணும்னு நெனச்சேன்" என்று ஒரு பெண். "மிஸ், அன்னைக்கு நான்தான் உங்க ஸ்கூட்டில காத்தப் பிடுங்கி விட்டது. ஸாரி மிஸ்" என்று ஒரு பையன். பள்ளிக்குப் பால் ஊற்றுகிறவர், பக்கத்து வீட்டுக்காரி, கூடப் படித்தவர்கள் என்று நாள்கணக்கில் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றையும் படித்துவிட்டுத்தான் பக்கத்தில் ஏற்றுவேன். சில நாள் படித்துவிட்டு, எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து ஏற்றுவேன்.

அடுத்த வருஷம் ஹோஸ்டிங் நிறுவனத்திலிருந்து புதுப்பிக்கச் சொல்லி மெயில் வந்தது. முதல் வருஷத்து விலையைவிட மூன்று மடங்கு. ஏமாற்றம் என்று சொல்ல முடியாது, சாம்பல் எழுத்தை நான் படித்துத்தான் வாங்கியிருந்தேன். ஆனால் அந்த வருஷம் தொழில் படுத்துவிட்டது. தென்காசியிலிருந்து ஒரு கூட்டத்தார் புது வண்டிகளோடு இறங்கி, எங்களைவிடக் குறைத்து வாடகைக்கு விட்டார்கள். எங்கள் வண்டி இரண்டு தடவை நடுவழியில் நின்றது. ஒருதடவை உள்ளே ஆள் இருக்கும்போதே நின்றது. அதைப் பற்றி என் கணவர் இன்னும் பேசுவதில்லை.

"நம்பர் இருந்தா போதும்ட்டி" என்றார். "செத்தவங்க படத்தையெல்லாம் நாம எத்தன வருசத்துக்கு வாடக கட்டிக் காப்பாத்த?"

அவர் சொன்னதில் தப்பில்லை. மறுபடி தேடி, வேறொரு நிறுவனத்தில் மிகச் சின்ன திட்டம் ஒன்றைப் பிடித்தேன். எங்கள் எண்ணும் வண்டிப் படமும் சில பக்கங்களும் வைக்கலாம். பழைய பக்கங்கள் எல்லாவற்றுக்கும் அதில் இடம் போதாது. எவற்றை எடுத்துப் போவது, எவற்றை விடுவது? எந்தப் பக்கத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று சர்வரில் கணக்கு இருக்கும். திறந்து பார்த்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் எல்லாப் பக்கங்களும் ஓய்ந்திருந்தன. டீச்சரின் பக்கம் மட்டும் ஓயவில்லை. தினமும் காலையில் யாரோ திறந்திருந்தார்கள். தேடுபொறிகளின் இயந்திரங்கள் அப்படி வந்து போவதுண்டு, அதுவாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். பார்த்தால் அது ஒரு போன், தினமும் அதே போன். யாரென்று தெரியாவிட்டாலும் அந்தப் பக்கத்தைப் புதிய இடத்துக்குக் கொண்டுபோவது என்று முடிவுசெய்தேன்.

இடம் மாறும்போது பழைய சர்வரிலிருந்து பெயரைப் பிரித்துப் புதிய சர்வரில் சேர்க்க வேண்டும். அது எல்லா ஊருக்கும் போய்ச் சேர ஒன்றிரண்டு நாள் ஆகும். அதுவரை சிலருக்குத் திறக்கும், சிலருக்குத் திறக்காது. அந்த இடைவெளியில்தான் ஒரு பெரியவர் கடைக்கு வந்தார்.

வெள்ளை வேட்டி, காலர் நைந்த அரைக்கைச் சட்டை, கையில் மஞ்சள் பை. வயதானவர். பஸ்ஸில் வந்து இறங்கி வெயிலில் நடந்திருக்கிறார். நாற்காலியைப் போட்டு, தண்ணீர் கொடுத்து, எப்போதும் கேட்பதைக் கேட்டேன். "யாருக்குய்யா?"

"யாருக்கும் இல்லம்மா. ஒங்க வெப்சைட்டு நேத்துல இருந்து தொறக்க மாட்டேங்குது."

யாரும் சாகாமல் ஒருவர் எங்கள் கடைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அவர் டீச்சரின் பெயரைச் சொன்னார். "அவ அப்பா நான்."

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி முன்பே போய்விட்டார். வீட்டில் தனியாக இருக்கிறார். காலையில் காபி குடித்துவிட்டு, பேப்பர் படிக்கிற மாதிரி மகளின் பக்கத்தைத் திறந்து, பிள்ளைகள் எழுதியதை முதலிலிருந்து கடைசிவரை படிப்பாராம். நேற்று திறக்கவில்லை. போன் கடையில் காட்டியிருக்கிறார். போனில் ஒன்றுமில்லை, வெப்சைட்டில்தான் கோளாறு என்று சொல்லியிருக்கிறார்கள்.

"எடுத்துட்டீங்களாம்மா?"

"இல்லய்யா, எடுக்கல. எடம் மாத்துதோம். நாளைக்கு வந்துரும்."

"வரும்லா?"

"வரும்."

நம்பினாரா என்று தெரியவில்லை. என் கம்ப்யூட்டரில் புதிய சர்வரிலிருந்து நேரடியாகத் திறந்து காட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். சத்தமாகவே வாசித்தார். ஒவ்வொரு வரியாக, எழுதியவரின் பெயரோடு. வாசித்து முடிக்கும்வரை என் கணவர் வாசலில் டயர் கடைக்காரரோடு பேசுவதுபோல நின்றுகொண்டிருந்தார். ஆனால் அவர்கள் இரண்டு பேரும் பேசவில்லை.

போகும்போது சொன்னார்: "எனக்காக இல்லம்மா. பேத்திக்கு இப்ப ஒண்ணும் தெரியாது. அம்மா எங்கன்னு கேக்குறதக்கூட விட்டுட்டா. எழுத்துக்கூட்டிப் படிக்க வந்துட்டான்னா இதக் காட்டணும். ஒங்க அம்மா இப்பிடிப்பட்டவன்னு நான் சொன்னா நம்புவாளோ என்னமோ. இத்தன பேரு சொன்னா நம்புவால்லா?"

சில மாதம் கழித்து டீச்சரின் கணவர் வந்தார். போனில் பேசியிருக்கிறோமே தவிர நான் அவரை நேரில் பார்த்ததில்லை. இளைஞர்தான். சட்டையில் எலுமிச்சை வாடை இருந்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கையைப் பிசைந்துகொண்டு, "அக்கா, அந்தப் பக்கத்த எடுத்துரணும்" என்றார்.

"ஏன் தம்பி?"

"எனக்குப் பொண்ணு பாக்காங்க." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. "எம்பேரயும் ஊரயும் போட்டுத் தேடுனா அதுதான் மொதல்ல வருது. ரெண்டு எடத்துல வந்து பாத்துட்டு வேண்டாம்னு போயிட்டாங்க. ஊரே இப்பிடி அழுத வீட்டுக்குள்ள எம்பொண்ணு போய் என்ன செய்வான்னு கேக்காங்க."

நான் பில் புத்தகத்தை எடுத்து ஓரமாக வைத்தேன். அதை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்போல.

"நான் அழலன்னு நெனச்சிராதீங்கக்கா. ஆனா காலைல பிள்ளைக்குத் தல சீவணும். எனக்கு ஜட போடத் தெரியல. எங்கம்மாவுக்குக் கை நடுங்குது. ஒருநா பள்ளியூடத்துல பிள்ளையத் திரும்ப அனுப்பிட்டாங்க, தல ஒழுங்கா இல்லன்னு."

பக்கம் போடச் சொல்லிக் கேட்டவர் அவர்தான். எடுக்கச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. ஆனால் கரிவலத்தில் ஒருவர் காலையில் எழுந்ததும் அதைத் திறக்கிறார் என்று எனக்குத் தெரியும், இவருக்குத் தெரியாது. சொன்னேன்.

"மாமா பாக்காவளா? டெய்லியா?"

"ஆமா."

மாமனாரோடு உட்கார்ந்து பேசி நாளாகிவிட்டது என்றார். பார்த்தால் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருப்பதில்லையாம். பிள்ளையை மட்டும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் விட்டுவிட்டுச் சாயங்காலம் கூட்டிவருவாராம்.

ஒரு வழி இருக்கிறது என்றேன். பக்கம் சர்வரில் இருக்கும், ஆனால் தேடினால் வராது. நேர் முகவரி தெரிந்தவர் மட்டும் திறக்கலாம். அந்த முகவரியைப் பெரியவருக்கு மட்டும் கொடுத்துவிடுகிறேன். டீச்சரின் கணவருக்கு அது நியாயமாகப் பட்டது. "அவருக்கு மட்டும்னா இருக்கட்டும்க்கா" என்று சொல்லிவிட்டு எழுந்தார். வாசல்வரை போய், திரும்பி வந்து, "அந்தப் படத்துல பாப்பா கை இருக்கும்லா, அது இன்னும் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

பக்கத்தை மறைத்தேன். தேடுபொறியிலிருந்து அது முழுக்க மறைய நாளானது. ஒருநாள் என் கணவர் கரிவலம் பக்கம் பெட்டி இறக்கப் போனபோது பெரியவரின் வீட்டுக்குப் போய், அவருடைய போனில் தொட்டதும் திறக்கிற மாதிரி ஒரு குறுக்குவழிப் படத்தை வைத்துக் கொடுத்துவிட்டு வந்தார். தனக்கு ஏன் அப்படி ஒரு தனி வழி என்று பெரியவர் கேட்கவில்லையாம். கண்டக்டராக இருந்தவருக்கு ஆள்களின் முகத்தைப் பார்த்தே பாதி விஷயம் தெரிந்துவிடும் என்றார் என் கணவர்.

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டமெல்லாம் முடிந்து ஊர் அமைதியாக இருந்த ஒரு நாளில் பெரியவர் மறுபடி கடைக்கு வந்தார். இந்தத் தடவை நான் எதுவும் கேட்கவில்லை. அவரே உட்கார்ந்தார்.

"மாப்ளைக்கு நிச்சயமாயிட்டும்மா. அந்தப் பொண்ணையும் கூட்டிட்டு வந்தாங்க. நான் கூட்டிட்டு வரச் சொல்லல, அதுவே பாக்கணும்னு சொல்லிச்சாம்." கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "நல்ல பொண்ணு. வந்து ஒக்காந்தொடனே பேத்திய மடியில இழுத்து வச்சி ஜட போட்டு விட்டுச்சு. ஒரு முடி வெளிய வரல. போவும்போது 'வாரேம்ப்பா'ன்னுச்சு. என்னய."

டம்ளரைக் கீழே வைத்தார்.

"அத எடுத்துரும்மா."

"ஐயா, அது யாருக்கும் தெரியாதுல்லா. உங்க போன்ல மட்டும்தான் இருக்கு. இருந்துட்டுப் போவட்டும்."

"எம்போனத்தான் பேத்தி எடுத்து நோண்டுதா. ஒருநா தொறந்துருவா. அந்தப் பொண்ணு பக்கத்துல இருக்கும்போது தொறந்தான்னா? ஒங்க அம்மா மாதிரி ஒருத்தி உண்டுமான்னு அத்தன பேரு எழுதிருக்காங்க. அதப் படிச்சிட்டு அந்தப் பொண்ணு எப்பிடிம்மா பிள்ளைக்குச் சோறு ஊட்டும்?"

"பேத்தி வளந்தப்புறம் காட்டணும்னியளே."

"அது எனக்கு இருந்த ஆசம்மா. பிள்ளைக்கு வேண்டியது அது இல்ல."

ஒரு நகல் எடுத்துத் தருகிறேன், வீட்டில் எங்கேயாவது வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். கையில் இருந்தால் தான் சும்மா இருக்கமாட்டேன் என்றார். அப்படியானால் என்னிடம் இருக்கட்டும் என்றேன். அவர் மடியில் இருந்த பையைச் சரிசெய்துகொண்டார்.

கடைசியாக ஒருதடவை படிக்கிறீர்களா என்று கேட்டேன். கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்தார். பிறகு மறுபடி உள்ளே வைத்தார். "படிச்சா எடுக்க விடமாட்டேன்" என்றார்.

அவர் முன்னாலேயே எடுத்தேன். அழிக்கட்டுமா என்று திரை ஒருமுறை கேட்டது, ஆம் என்றேன், அவ்வளவுதான். ஒரு பெட்டியை இறக்கி வைப்பதற்குக்கூட நான்கு பேர் வேண்டும். இதற்கு ஒரு விரல் போதுமாக இருந்தது. "முடிஞ்சிதா?" என்றார். முடிந்தது என்றேன். தன் போனை எடுத்து நீட்டினார். அதிலிருந்த குறுக்குவழிப் படத்தையும் எடுத்துவிட்டேன். என் கணவர் அவரை பைக்கில் ஏற்றிப் போய் பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

கல்யாணம் புளியங்குடியில் சின்னதாக நடந்தது. பெரியவர் போயிருந்தார் என்று கேள்விப்பட்டோம். எங்களுக்கும் சொல்லியிருந்தார்கள். நாங்கள் போகவில்லை. கல்யாண மண்டபத்தில் எங்களைப் பார்த்தால் யாருக்காவது மனசில் படும்.

அதற்குப் பிறகும் அஞ்சலிப் பக்கங்கள் போட்டுக் கொடுக்கிறேன், ஆனால் முதலிலேயே கேட்டுவிடுகிறேன்: எத்தனை நாளைக்கு வைக்க வேண்டும் என்று. முக்கால்வாசிப் பேர் பதினாறாம் நாள்வரை போதும் என்கிறார்கள். எப்போதும் இருக்கட்டும் என்று சிலர் சொல்கிறார்கள். எப்போதும் என்றால் வருஷா வருஷம் யாராவது கட்ட வேண்டும் என்று அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? சரி என்று மட்டும் சொல்கிறேன். சின்னத் திட்டத்திலேயேதான் இருக்கிறோம். இடம் நிரம்பியதும் பழையதிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கிறேன். இதுவரை வேறு யாரும் தேடி வரவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு கொஞ்ச நாள் பெரியவர் போன் செய்துகொண்டிருந்தார். காலையில்தான். எப்படி இருக்கீங்க, தொழில் எப்படி என்று சுற்றிவளைத்துக் கேட்டுவிட்டு, "சும்மா இருந்தா ஒண்ணே ஒண்ணு வாசிக்கியாம்மா" என்பார். நான் எடுத்து வைத்திருந்த நகலைத் திறந்து, ஏதாவது ஒரு பிள்ளை எழுதியதை வாசிப்பேன். முடித்ததும் "போதும்மா" என்று வைத்துவிடுவார். ஒருதடவைகூட இரண்டாவது கேட்டதில்லை.

வாரம் ஒருமுறை என்று இருந்தது மாதம் ஒருமுறை ஆயிற்று. இந்தச் சித்திரைக்குப் பிறகு போன் வரவில்லை. மறந்திருக்கலாம், மறக்க முயன்றுகொண்டிருக்கலாம், உடம்புக்கு முடியாமல்கூட இருக்கலாம். அவருடைய எண் என்னிடம் இருக்கிறது. பல நாள் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். எங்கள் கடை எண்ணிலிருந்து அழைப்பு போனால் எந்த வீட்டிலும் பதறிப்போவார்கள். அந்த வீட்டில் பேத்தியும் அவளுக்கு அம்மாவாக வந்த பெண்ணும் இருக்கும் நேரமாக இருந்தால் என்ன சொல்லி அழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.